கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

 

தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிய பாடங்களை இப்பகுதியில் தொடர்ந்து பார்த்து வருகிறோம். இம்மாதம் நம் சட்டைப்பைக்குள் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பார்க்கவிருக்கிறோம். அது கைப்பேசி. கைப்பேசிக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். நாவுக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்போ, அதே தொடர்புதான். நாவால் பேசினால் பத்துப் பேருக்குக் கேட்கும். கைப்பேசியில் விரல் பட்டால் பத்தாயிரம் பேருக்குப் போய்ச் சேரும். ஆகவே நாவைப் பற்றி அல்லாஹ்வும் அவனுடைய தூதர் (ஸல்) அவர்களும் விடுத்துள்ள எச்சரிக்கைகள் அனைத்தும் விரலுக்கும் பொருந்தும்.

நாம் செய்த தவறு

பிறருக்குச் சொல்லுமுன் நம் தவறை ஒப்புக்கொள்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு நமக்கு ஒரு படம் வந்தது. முதியவர் ஒருவர் இரத்தக் காயங்களோடு கிடக்கிறார். பக்கத்து ஊரில் நேற்று மாற்று மதத்தினர் அடித்துப் போட்டதாகக் கீழே எழுதியிருந்தது. நெஞ்சு பதறியது. யா அல்லாஹ் என்று இரண்டு வார்த்தை சேர்த்து மஹல்லா குரூப்பில் போட்டுவிட்டோம்.

இஷா முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் இருபது இளைஞர்கள் கூடி நிற்கிறார்கள். சிலர் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். அப்போது வயதான ஜமாஅத்தார் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இதை உங்களுக்கு யார் அனுப்பியது? அவருக்கு யார் அனுப்பியது?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அவரே அந்த ஊரிலுள்ள தம் சம்பந்திக்குப் போன் செய்தார். அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் படம் வேறொரு நாட்டில் பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அன்று காலையில்தான் மதரஸாவில் மாணவர்களுக்கு உஸூலுல் ஹதீஸ் பாடம் நடத்தியிருந்தோம். அறிவிப்பாளர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று கேட்காமல் எந்தச் செய்தியையும் ஏற்கக்கூடாது என்று காலையில் சொல்லிக் கொடுத்த நாம், மாலையில் அதை மறந்துபோனோம். ஓதாத அந்தப் பெரியவர் அதை நமக்கு நினைவூட்டினார். அந்த வண்டிகள் அன்று புறப்பட்டுப் போயிருந்தால் மறுமையில் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்?

வசனம் இறங்கிய வரலாறு

ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை நம்மில் பெரும்பாலோர் கேட்டிருப்போம். நம்பத்தகாத ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தும் நிலை ஏற்படக்கூடாது என்பது அதன் கருத்து.

இது இறங்கிய காரணத்தைத் தஃப்ஸீர் நூல்கள் இவ்வாறு கூறுகின்றன: பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வர ஒருவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள். அவரை வரவேற்க அக்கூட்டத்தார் திரண்டு வந்தனர். கூட்டத்தைக் கண்டு அஞ்சிய அவர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். அவர்கள் ஜகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் துணிந்துவிட்டார்கள் என்று மதீனாவில் சொன்னார். போர் மூளும் நிலை ஏற்பட்டது. விசாரித்தபோதுதான் அவர்கள் ஈமானில் உறுதியாக இருப்பது தெரியவந்தது.

வரவேற்க வந்த கூட்டம் ஒருவர் கண்ணுக்குக் கொல்ல வந்த கூட்டமாகத் தெரிந்தது. நபியவர்கள் உயிரோடிருந்த காலத்தில், மதீனாவிலேயே, ஒரு தவறான செய்தியால் இவ்வளவு பெரிய ஆபத்து வந்ததென்றால், செய்தி வந்த திசையே தெரியாத இக்காலத்தில் நம் நிலை என்ன?

முரைஸீஃ யுத்தத்திலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது முனாஃபிக்குகள் கட்டிய அவதூறையும் நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மாத காலம் அந்தப் பொய் மதீனாவில் நாவுக்கு நாவு தாவியது. நல்லவர்கள் சிலரும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஸூரத்துன் நூரில் அல்லாஹ் அதைக் கண்டிக்கும்போது, நீங்கள் இதை இலேசான காரியமாக எண்ணினீர்கள், அல்லாஹ்விடமோ இது மிகப் பெரியது என்ற கருத்தில் கூறுகிறான் (24:15).

அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் மட்டும் வேறு விதமாக நடந்தது. ஊர் பேசுவதைக் கேட்டீர்களா என்று மனைவி கேட்கிறார். கேட்டேன், அது பொய் என்கிறார் அவர். நீ அப்படிச் செய்வாயா என்று மனைவியிடம் திருப்பிக் கேட்கிறார். அல்லாஹ்மீது ஆணையாக மாட்டேன் என்கிறார் மனைவி. அப்படியானால் ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே என்று முடிக்கிறார். செய்தி அவர் வீட்டு வாசலுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

ஸனது இல்லாத செய்தி

நம் முன்னோர்கள் செய்தியை எப்படி எடைபோட்டார்கள் என்பது உலகமே வியக்கும் ஒரு கலை. ஒவ்வொரு ஹதீஸுக்கும் ஸனது எனும் அறிவிப்பாளர் தொடர் கேட்டார்கள். அந்தத் தொடரில் ஒவ்வொரு ராவியும் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா, யாரிடமிருந்து அறிவிக்கிறாரோ அவரை உண்மையிலேயே சந்தித்தவரா என்று ஆராய்ந்தார்கள். இடையில் ஓர் ஆள் விடுபட்டால் முன்கதிஃ என்றார்கள். ஆள் யாரென்றே தெரியாவிட்டால் மஜ்ஹூல் என்றார்கள். இட்டுக்கட்டியது என்றால் மவ்ளூஃ என்று ஒதுக்கினார்கள். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்டறிய ஒரு மாத தூரம் பயணம் போனார்கள் என்று புகாரியில் காண்கிறோம்.

இனி நம் வாட்ஸ்அப் செய்தியை அந்தத் தராசில் வையுங்கள். முதலில் எழுதியவர் யார்? மஜ்ஹூல். இடையில் எத்தனை பேர் கைமாறியது? தெரியாது. வெட்டினார்களா, ஒட்டினார்களா? தெரியாது. பல கை மாறி வந்த செய்திக்கு அந்த நிறுவனமே ஓர் அடையாளம் இட்டுக் காட்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டால், ஸனது அறுந்த செய்தி இது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹதீஸுக்காக ஒரு மாதம் ஒட்டகத்தில் போனவர்களின் வழிவந்த நாம், ஒரு நிமிடம் போன் செய்து விசாரிக்கச் சோம்பல் படுகிறோம்.

கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்துடைய ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே வைத்தார்கள். பொய்யை இட்டுக்கட்டியவனைப் பற்றி மட்டும் இங்கே சொல்லப்படவில்லை. கேட்டதை அப்படியே கடத்தியவனும் அதில் அடங்குகிறான். நபி (ஸல்) அவர்கள் கண்ட நீண்ட கனவொன்றைப் புகாரியில் ஸமுரா (ரலி) அறிவிக்கிறார்கள். அதில் ஒருவனுடைய தாடை இரும்புக் கொக்கியால் பிடரிவரை கிழிக்கப்படுகிறது. அவன் யாரென்றால், காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, அடிவானங்களை எட்டும்படி பரவும் பொய்யைச் சொன்னவன். அடிவானத்தை எட்டும் பொய் எப்படியிருக்கும் என்று அக்காலத்தவர் யோசித்திருக்கலாம். நமக்கு யோசிக்க வேண்டியதில்லை.

பொய் நம்மைத் தாக்கியபோது

2018 மே மாதம் தமிழகத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரை ஊர் கூடி அடித்துக் கொன்றுவிட்டது. இந்தியாவின் வேறு சில மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. அவ்வாண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இலங்கையில் 2018 பிப்ரவரியில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவர், குழம்பில் கட்டியாக ஏதோ கிடந்ததைக் கண்டு, கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகச் சத்தமிட்டார். அந்தக் காட்சி பேஸ்புக்கில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக்கட்டி. சில நாட்களில் கண்டி மாவட்டம் திகனையில் கலவரம் மூண்டு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு அவசரநிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களை முடக்கியது. அக்கலவரத்தில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அந்த வருத்தம் என்ன செய்யும்?

பொய்யால் நாம் தாக்கியபோது

இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம். நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135).

பங்களாதேஷில் 2012 செப்டம்பர் இறுதியில், ராமு என்ற ஊரில், பௌத்த இளைஞர் ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் திருக்குர்ஆனை அவமதிக்கும் படம் காணப்பட்டது. அதை அவர் போடவில்லை. பிறர் அவருடைய பக்கத்தில் இணைத்துவிட்டிருந்தார்கள். விசாரிக்க யாருக்கும் பொறுமையில்லை. ஒரே இரவில் பௌத்த விகாரைகள் பலவும் வீடுகளும் தீக்கிரையாயின. கொளுத்தியவர்கள் யார்? திருக்குர்ஆனின் கண்ணியத்தைக் காக்கப் புறப்பட்டதாக எண்ணியவர்கள். தீர விசாரியுங்கள் என்று அதே திருக்குர்ஆன் இட்ட கட்டளையை அவர்கள் மிதித்துவிட்டார்கள்.

அதே நாட்டில் 2019 அக்டோபரில் போலா மாவட்டத்தில் ஓர் இந்து இளைஞரின் பேஸ்புக் கணக்கிலிருந்து நாயகம் (ஸல்) அவர்களை இழித்துரைக்கும் செய்திகள் சென்றன. தம் கணக்கைப் பிறர் திருடிவிட்டதாக அவரே காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். காவல்துறையுடன் நடந்த மோதலில் நால்வர் உயிரிழந்தார்கள். ஒரு கணக்கின் கடவுச்சொல் திருடுபோனதில் தொடங்கியது நான்கு ஜனாஸாக்களில் முடிந்தது. நபியவர்கள்மீது கொண்ட முஹப்பத் உண்மையானதுதான். ஆனால் அந்த முஹப்பத்தை ஒரு திருடன் கடிவாளமாகப் பிடித்து இழுக்க இடம் கொடுத்துவிட்டோமே!

நம் மொழியில் வந்த நஞ்சு

2019 ஏப்ரல் 21, கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் தினம். இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்த தேவாலயங்களிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வணக்கத்தில் இருந்தவர்கள், பெண்கள், புத்தாடை உடுத்தி வந்த குழந்தைகள்! இதைச் செய்த கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவன் வெறுப்பைப் பேசிப் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் பரப்பியது நம் தமிழ் மொழியில். இதை நாம் மறைக்கக்கூடாது.

அதே காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 அன்று இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வணக்கத்தில் இருப்பவர்களைக் கொல்வது எப்படிப்பட்ட கொடுமை என்பதை இரத்தத்தால் அறிந்த ஊர் அது. அந்த ஊரில் பிறந்தவனே அக்கொடுமையைப் பிறருக்குச் செய்தான். அவனுடைய போக்கைப் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முன்னதாக முறையிட்டிருந்தார்கள் என்பதும் வரலாறு.

ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போன்றவன் என்று திருமறை கூறுகிறது (5:32). போர்க்களத்தில்கூடப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஸூரத்துல் ஹஜ்ஜில் அல்லாஹ், மனிதரில் சிலரைக்கொண்டு சிலரைத் தடுத்திராவிட்டால் மடங்களும், தேவாலயங்களும், யூத ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருக்கும் என்ற கருத்தில் கூறுகிறான் (22:40). பள்ளிவாசலை மட்டும் அல்லாஹ் கூறவில்லை. பிறருடைய வணக்கத் தலங்களையும் சேர்த்தே கூறுகிறான். தேவாலயத்தில் குண்டு வைத்தவன் இந்த வசனத்தை எங்கே ஓதினான்?

அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முஸ்லிம்கள்மீது கை வைக்கவேண்டாம் என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். இருந்தும் மே மாதத்தில் சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கலவரம் குருநாகல், கம்பஹா மாவட்டங்கள்வரை பரவியது. பள்ளிவாசல்கள் உடைக்கப்பட்டன. ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார்.

கொலைகாரனுக்குத் துணை போதல்

அதே ஆண்டு மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஒருவன் புகுந்து சுட்டதில் 51 பேர் ஷஹீதானார்கள். அவன் அதைக் கேமரா வைத்துப் பேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். பிறகு 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. இத்தனை பிரதிகளை ஏற்றியவர்கள் யார்? வெறுப்பவர்களும் உண்டு. துக்கத்தால் அனுப்பிய நம்மவர்களும் உண்டு. உலகம் பார்த்து நடுங்கவேண்டும் என்பதே அவன் விருப்பம். அதை அனுப்பிய ஒவ்வொருவரும் அறியாமலேயே அவனுடைய வேலையைச் செய்து கொடுத்தார்கள். மையித்தின் குறைகளை மறைப்பது சுன்னத். ஷஹீதுகளின் கடைசி மூச்சைக் கடைவீதியில் காட்டலாமா?

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு எதிரிலிருந்த பூங்காவில் ஜும்ஆ நடந்தது. பாங்கோசை நாடெங்கும் ஒலிபரப்பானது. மாற்று மதத்துப் பெண்கள் தலையில் முக்காடிட்டு வந்து நின்றார்கள். முஃமின்கள் ஓர் உடலைப் போன்றவர்கள் என்ற நபிமொழியை அந்நாட்டு மக்களுக்கு முன் அவர்களுடைய அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டனே எடுத்துச் சொன்னார். வெறுப்பைப் போலவே நன்மையும் கண்டம் கடந்து செல்லும்.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை கண்டவற்றிலிருந்து நம் அன்றாட அமலுக்குரிய சட்டங்களைத் தொகுத்துக்கொள்வோம்.

ஒன்று: எந்தச் செய்தி வந்தாலும் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? பதில் கிடைக்காவிட்டால் அது உங்களோடு நிற்கட்டும். இக்காலத்தில் ஒருவருடைய குரலையும் முகத்தையும்கூடக் கணினியால் போலியாக உருவாக்குகிறார்கள். ஆகவே கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்பது மட்டும் போதாது. செவி, பார்வை, உள்ளம் மூன்றுமே விசாரிக்கப்படும் (17:36).

இரண்டு: அச்சமூட்டும் செய்தியானால் பொறுப்பிலுள்ளவர்களிடம் கொண்டு செல்லுங்கள். பாதுகாப்பு, பயம் பற்றிய செய்தி வந்ததும் பரப்பிவிடுபவர்களை ஸூரத்துன் நிஸா கண்டிக்கிறது (4:83). ஜமாஅத் நிர்வாகிகளும் காவல்துறையும் அதற்காகவே இருக்கிறார்கள்.

மூன்று: உங்கள் கணக்கைக் காப்பது கடமை. கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் வீட்டுச் சாவியைப் போன்றவை. எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதியைப் போட்டு வையுங்கள். தெரியாத லிங்கைத் தொடாதீர்கள். கணக்கு திருடுபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே அனைவருக்கும் அறிவித்துக் காவல்துறையில் புகார் செய்யுங்கள். உங்கள் பெயரால் ஓர் ஊர் எரியக்கூடும்.

நான்கு: பிறர் வணங்குபவற்றை ஏசும் படங்களையும் கேலிகளையும் அனுப்பாதீர்கள். திருமறை அதை நேரடியாகத் தடுத்திருக்கிறது (6:108). அவர்கள் பதிலுக்கு அல்லாஹ்வை ஏச நாமே காரணமாகிவிடுவோம்.

ஐந்து: இளைஞர்களே! உங்களிடம் இரகசிய குரூப்பில் பேசும் ஒருவர், இதைப் பெற்றோரிடம் சொல்லாதே, உன் ஊர் ஆலிமிடம் கேட்காதே என்றால், அங்கேயே விலகிவிடுங்கள். உள்ளத்தில் உறுத்துவதும், மக்கள் அறிவதை நீ வெறுப்பதுமே பாவம் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (முஸ்லிம்). நன்மைக்கு இருட்டறை தேவையில்லை. பெற்றோர்களே! பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை வெளியில் தேடும்.

ஆறு: குரூப்பை நடத்துபவர் அதற்கு மேய்ப்பர். ஒவ்வொரு மேய்ப்பரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார்.

ஏழு: பொய்யைப் பரப்பியிருந்தால், அழித்துவிட்டு மௌனமாவது தவ்பா ஆகாது. தவ்பா செய்து, சீர்திருத்தி, தெளிவுபடுத்தியவர்களையே அல்லாஹ் விதிவிலக்காகச் சொல்கிறான் (2:160). எந்தக் குரூப்பில் போட்டோமோ அதே குரூப்பில், நாம் போட்டது தவறு என்று எழுத வேண்டும். அந்த இரவு நாமும் அப்படி எழுதினோம். எழுதும்போது விரல் நடுங்கியது. அந்த நடுக்கம் முதல் முறை அனுப்பும்போதே வந்திருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காப்பாயாக! அறியாமையால் எவருக்கும் தீங்கிழைத்து வருந்துவோராக எங்களை ஆக்கிவிடாதே! எங்கள் பள்ளிவாசல்களையும், அண்டை அயலாரின் வணக்கத் தலங்களையும், எல்லோருடைய பிள்ளைகளையும் அமைதியில் வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.